இன்டர்ஸ்டெல்லர்: ரசிகர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: பூமி கைவிட்ட பிறகு மனித இனம் எப்படித் தப்பிக்கிறது என்று சொல்லும், கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய இன்டர்ஸ்டெல்லர் படத்தைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் "அறிவியலில் ஆரம்பித்து அன்பில் போய் விழுந்த அபத்தம்" என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் கடைசி வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 169 நிமிடம்தான்.

என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் தப்பான இடத்தில் மோதிக்கொள்கின்றன. அறிவியல் சரியா என்பதில் ஒரு சண்டை, அன்பு பற்றிய வசனத்தில் இன்னொரு சண்டை. முதல் சண்டையில் நியாயம் பெரும்பாலும் படத்தின் பக்கம். இரண்டாவதில் பலரும் அந்தக் காட்சியைப் பாதிதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். படம் நிஜமாகவே சறுக்கும் இடம் வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2014 நவம்பரில் படம் வந்தபோது விமர்சகர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆஸ்கருக்கு ஐந்து பரிந்துரைகள் போயின. இசை, ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு, தயாரிப்பு வடிவமைப்பு, காட்சி விளைவுகள். படம், இயக்கம், திரைக்கதை, நடிப்பு என்று ஒன்றுக்கும் இல்லை. காட்சி விளைவுகளுக்கு மட்டும் விருது கிடைத்தது. "பார்க்கப் பிரமாதம், கதை சுமார்" என்பதுதான் அன்றைய பொதுவான தீர்ப்பு என்று இதிலிருந்தே தெரிகிறது. பார்வையாளர்களோ வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளத்தில் அவர்கள் போட்ட மதிப்பெண் பத்து வருடம் கழித்தும் 8.7ஐ ஒட்டியே நிற்கிறது. பத்தாம் ஆண்டுக்காக 2024 டிசம்பரில் மறுபடி ஐமேக்ஸ் திரைகளுக்கு வந்தபோது, முதல் வெளியீட்டின்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள் டிக்கெட்டுக்கு அலைந்தார்கள்.

சரி, அறிவியல். இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன் பேருக்கு வந்து போனவர் கிடையாது. தயாரிப்பாளர் லிண்டா ஆப்ஸ்டும் அவரும் சேர்ந்து பேசியதில்தான் இந்தப் படத்துக்கான யோசனையே பிறந்தது. நோலன் உள்ளே வந்தது பிற்பாடு. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த வேலைக்காக 2017இல் ரெய்னர் வைஸ், பேரி பாரிஷ் ஆகியோருடன் இயற்பியல் நோபல் வாங்கியவர் தோர்ன். ஆரம்பத்திலேயே இரண்டு நிபந்தனை போட்டார்: உறுதியாக நிறுவப்பட்ட இயற்பியல் விதி எதையும் மீறக்கூடாது, கற்பனை செய்வதானால் அது அறிவியலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒளியைவிட வேகமாக ஒரு பாத்திரம் பயணம் செய்ய வேண்டும் என்று நோலன் ஆசைப்பட்டபோது, வேண்டாம் என்று ஒத்துக்கொள்ள வைக்கத் தோர்னுக்கு இரண்டு வாரம் பிடித்ததாம்.

அதிகம் கிண்டலுக்கு ஆளானது மில்லர் கிரகம். கார்கன்டுவா என்ற கருந்துளைக்கு மிக அருகில் சுற்றும் அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் வெளியே ஏழு வருடம் ஓடிவிடும். படம் வந்த சூட்டிலேயே வானியலாளர் பில் பிளெய்ட் "இது நடக்கவே நடக்காது" என்று எழுதினார். அவர் போட்டது சுழலாத கருந்துளைக்கான கணக்கு. அந்தக் கணக்கு அந்த அளவில் சரிதான்: சுழலாத கருந்துளையைச் சுற்றி நிலையாக ஓடக்கூடிய மிக நெருங்கிய பாதையில்கூட, அங்கே ஒரு மணி நேரம் என்றால் வெளியே சுமார் ஒரு மணி 25 நிமிடம்தான் கழியும். ஏழு வருடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கார்கன்டுவா சுழல்கிறது, அதுவும் வெறித்தனமாக. இயற்பியல் அனுமதிக்கும் உச்ச சுழற்சிக்கு ஒரு கோடி கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாக இருந்தால், கிரகம் இன்னும் உள்ளே போய் நிலையாகச் சுற்றலாம், ஏழு வருடக் கணக்கும் வந்துவிடும். இதை வேலை மெனக்கெட்டுக் கணக்கிட்டவர் தோர்ன். பிளெய்ட் பிறகு தன் கணக்கைத் தானே திருத்தி எழுதினார், அதற்கு ஒரு சலாம். இயற்கையில் அப்படி ஒரு கருந்துளை அமையுமா என்று கேட்டால், வாய்ப்பு மிக மிகக் குறைவு. இருக்கவே முடியாது என்பதும் இருப்பது அபூர்வம் என்பதும் ஒன்றாகிவிடாது.

இதே கிரகத்தை வைத்து ரசிகர்கள் பரப்பும் ஒரு துணுக்கும் உண்டு. அந்தக் காட்சியின் இசையில் 1.25 நொடிக்கு ஒரு முறை 'டிக்' என்று சத்தம் வருகிறது, ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு முழு நாள் என்பார்கள். கணக்குப் போட்டால், ஏழு வருடம் என்பது 61,000 மணி நேரத்துக்குச் சற்று மேல். அதை 3,600 நொடியால் வகுத்தால் அங்கே ஒரு நொடி என்பது இங்கே 17 மணி நேரம். ஆக ஒரு டிக் சுமார் 21 மணி நேரம். முழு நாளுக்கு மூன்று மணி நேரம் குறைகிறது. இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, ரசிகன் உட்கார்ந்து வகுத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு பின்னணி இசை அமைவது அடிக்கடி நடப்பதில்லை.

கருந்துளையின் தோற்றத்திலும் படம் பெரும்பாலும் நேர்மையாகவே நடந்துகொண்டது. டபுள் நெகட்டிவ் என்ற காட்சி விளைவு நிறுவனத்தின் கலைஞர்கள் தோர்னின் சமன்பாடுகளை அப்படியே கணினியில் ஏற்றினார்கள். ஒளி வளைந்து வருவதால், கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வாயு வட்டில் பின்னால் இருக்கும் பகுதி மேலேயும் கீழேயும் தெரிந்தது. அந்த வேலை 2015இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளையை முதல்முறையாகப் படம் பிடித்து வெளியிட்டார்களே, அன்றைக்கு எல்லோரும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசம் உடனே கண்ணில் படும். உண்மைப் படத்தில் வளையத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறது. நம்மை நோக்கிச் சுழன்று வரும் பக்கத்தின் ஒளி கூடும், விலகிப் போகும் பக்கம் மங்கும். படக்குழுவுக்கு இது தெரியும். அப்படியே காட்டினால் பார்வையாளர் குழம்புவார்கள் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சுழற்சியையும் படத்துக்காகக் குறைத்துக்கொண்டார்கள். ஆக கதையில் ஒரு கார்கன்டுவா, திரையில் இன்னொரு கார்கன்டுவா. எனக்கு இதில் வருத்தம் இல்லை, ஆனால் "எல்லாமே நூறு சதவீதம் அறிவியல்" என்று சத்தியம் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்க்கட்சியிடமும் நல்ல அம்புகள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் எய்வது மொக்கை அம்புகளை. நிஜமான ஓட்டை ரேஞ்சர் விண்கலம். பூமியிலிருந்து கிளம்ப அதற்குக் கீழே ஒரு பெரிய ராக்கெட்டே தேவைப்படுகிறது. மில்லர் கிரகத்தின் ஈர்ப்பு பூமியைவிட 30 சதவீதம் அதிகம், அங்கிருந்து அதே ரேஞ்சர் தன்னந்தனியாக ஜிவ்வென்று ஏறிவிடுகிறது. அப்புறம், மான் என்ற விஞ்ஞானி இறங்கிய கிரகத்தின் பனி மேகங்கள். அவ்வளவு பெரிய பனிப்பாளம் தன் எடையைத் தாங்காமல் நொறுங்கிவிடும். அந்தக் காட்சி தன்னை உறுத்துவதைத் தோர்னே ஒத்துக்கொண்டிருக்கிறார். தொலைதூர விண்வெளிக்குக் குறுக்குவழியான புழுத்துளையின் வாசல்வரை வந்தபிறகு, விண்கலத்தை ஓட்டிவந்த நாயகன் கூப்பருக்கே காகிதத்தை மடித்து ஓட்டை போட்டு "புழுத்துளை என்றால் இதுதான்" என்று கூட வந்த விஞ்ஞானி ரோமிலி பாடம் எடுப்பாரே, அதற்குத் திரையரங்கில் சிரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாடம் நமக்கு, கேட்க வைத்தது கூப்பரை.

ஒலி பற்றிய புகாரில் நான் முழுக்கப் பார்வையாளர் பக்கம். இசையும் இயந்திரச் சத்தமும் வசனத்தை விழுங்குகின்றன என்று முதல் வாரத்திலேயே குரல் எழுந்தது. அது திட்டமிட்டுச் செய்ததுதான், எல்லா வார்த்தையும் காதில் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது நோலனின் வாதம். ராக்கெட் கிளம்பும்போது வார்த்தை கேட்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் மைக்கேல் கெய்ன் நடித்த பேராசிரியர் பிராண்ட் மரணப் படுக்கையில் முனகுகிறாரே, அந்த வாக்குமூலத்தில்தான் கதையே திரும்புகிறது. பூமியில் இருப்பவர்களைக் காப்பாற்றும் 'பிளான் ஏ' சாத்தியமில்லை என்று அவருக்கு முன்பே தெரியும், இத்தனை வருடமும் பொய் சொல்லியிருக்கிறார். இது காதில் விழாதவருக்கு அடுத்த ஒரு மணி நேரமும் புரியாது. "புரியாத படம்" என்று திட்டியவர்களில் ஒரு பகுதியினர் கேட்காத படத்தைத்தான் திட்டினார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் சப்டைட்டிலோடு பார்ப்பவர்கள் கனிவாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அன்பு. முன்பே அனுப்பப்பட்ட விஞ்ஞானிகளில் எட்மண்ட்ஸ் என்பவர் போன கிரகத்துக்குப் போகலாமா, மான் போன கிரகத்துக்குப் போகலாமா என்று விவாதம். எரிபொருள் ஒன்றுக்குத்தான் போதும். ஆன் ஹாத்வே நடித்த பிராண்ட் (பேராசிரியரின் மகள்), எட்மண்ட்ஸ் பக்கம் பேசுகிறார். அன்பு என்பது காலத்தையும் வெளியையும் தாண்டுகிற ஒன்றாக இருக்கலாம், நமக்கு இன்னும் புரியாத ஏதோ ஒன்றின் அடையாளமாகவும் இருக்கலாம் என்கிறார். கேலிப் படங்களில் எல்லாம் வருவது இந்த வசனம்தான். ஆனால் காட்சியில் அடுத்து என்ன நடக்கிறது? பிராண்ட் எட்மண்ட்ஸைக் காதலிக்கிறார் என்று முன்பே போட்டு உடைத்திருந்த கூப்பர், அதைத் தள்ளிவிடுகிறார். கப்பல் மான் கிரகத்துக்குத் திரும்புகிறது. அங்கிருந்து வந்த தரவுகள் அருமையாக இருந்தன, ஆனால் அத்தனையும் போலி. தன்னை யாராவது வந்து மீட்க வேண்டும் என்பதற்காக மான் இட்டுக்கட்டியவை. கடைசியில் மனிதர் சுவாசிக்கக்கூடிய காற்று இருப்பது எட்மண்ட்ஸின் கிரகத்தில்.

அறிவை நம்பிப் போனவர்கள் ஏமாந்தார்கள், மனதை நம்பியவள் ஜெயித்தாள் என்று இதைப் படிக்கலாம். எதிர்ப்பாளர்களுக்கு எரிச்சல் வருவது இதில்தான், அது புரிகிறது. என் கண்ணில் படுவது வேறு. இந்தப் படத்தில் மனித இனத்தின் பெயரால் பேசும் ஒவ்வொருவரும் பொய் சொல்கிறார்கள். பேராசிரியர் பொய் சொல்வது ஏன்? உன் பிள்ளைகள் செத்துவிடுவார்கள், எங்கோ ஒரு கிரகத்தில் உறைநிலைக் கருக்களிலிருந்து வேறு மனிதர்கள் பிறப்பார்கள், அதற்காக உழை என்றால் ஒரு ஆளும் உழைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். மான் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: தெரிந்தவர்களுக்காக மனிதன் எதையும் செய்வான், அந்த அக்கறை கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டுவது அபூர்வம் என்று. படத்தின் மையக் கருத்தை வில்லன் வாயில் வைத்திருக்கிறார்கள். அன்பு வசனத்துக்குச் சிரித்தவர்கள் இந்த வசனத்தைக் கவனித்திருந்தால், படம் கேட்கும் கேள்வி எவ்வளவு கசப்பானது என்று பிடிபட்டிருக்கும்: தன் பிள்ளையைத் தவிர வேறு யாருக்காகவும் உயிரைக் கொடுக்கத் தயாராக இல்லாத ஒரு இனம், இனமாக எப்படிப் பிழைக்கும்?

இதை வாதமாகச் சொன்னால் சப்பென்று இருக்கும். படம் காட்சியாகச் சொல்கிறது. மில்லர் கிரகத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து தாமதமாகி, கூப்பரும் பிராண்டும் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். கீழே மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கிறது. கதவைத் திறக்கும் ரோமிலியின் தாடி நரைத்திருக்கிறது. 23 வருடம் தனியாகக் காத்திருந்திருக்கிறார். கூப்பர் திரை முன்னால் போய் உட்கார்ந்து, சேர்ந்து கிடக்கும் செய்திகளை வரிசையாகப் போடுகிறார். மகன் டாம் பையனாக வருகிறான், ஒரு பெண்ணைக் காட்டுகிறான், குழந்தையைக் காட்டுகிறான், பிறகு அந்தக் குழந்தையும் தாத்தாவும் செத்த செய்தியைச் சொல்கிறான், கடைசியாக "அப்பாவை விட்டுவிடு என்கிறாள் மனைவி" என்று விடை பெறுகிறான். திரை அணைகிறது. மறுபடி எரியும்போது, இத்தனை வருடமும் பேச மறுத்த மகள் மர்ஃப் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா கிளம்பிய வயது அவளுக்கு இன்றைக்கு. திரும்பி வரும்போது நாம் இரண்டு பேரும் ஒரே வயதில் இருக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கிறாள்.

சார்பியல் கோட்பாட்டை இவ்வளவு குரூரமாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கரும்பலகை இல்லை, சமன்பாடு இல்லை, ஒரு தகப்பன் முகம் மட்டும். கூப்பராக நடித்த மேத்யூ மெக்கானஹேவுக்கு ஏன் நடிப்புப் பரிந்துரை வரவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியைத்தான் காட்டுவார்கள், எனக்கும் அதே கேள்வி உண்டு. படத்தைக் கொண்டாடுபவர்களிடம் "ஏன் பிடித்தது" என்று கேளுங்கள், கருந்துளையைவிட அதிகம் பேர் இந்தச் சில நிமிடங்களைச் சொல்வார்கள். பிள்ளை பெற்றவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஸிம்மரிடம் நோலன் முதலில் இது விண்வெளிப் படம் என்றே சொல்லவில்லை. ஒரு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, இதற்கு இசை போடுங்கள் என்றார். ரகசியத்துக்காகப் படத்துக்கு வைத்திருந்த பெயர் 'ஃப்ளோராவின் கடிதம்'. ஃப்ளோரா என்பது நோலனின் மகள் பெயர்.

முடிவைத் திட்டுபவர்கள், பிளான் ஏக்குத் தேவையான ஈர்ப்புச் சமன்பாட்டை "அன்பால் தீர்த்துவிட்டார்கள்" என்கிறார்கள். தீர்த்தது அன்பு இல்லை. கூப்பரோடு கருந்துளைக்குள் விழுந்த டார்ஸ் என்ற எந்திரன் எடுத்த தரவுகள்தான் தீர்த்தன. அதைக் கூப்பர் மோர்ஸ் குறியீடாக மாற்றி, மகளிடம் விட்டுவந்த கைக்கடிகாரத்தின் நொடி முள்ளில் அனுப்புகிறார். அன்புக்கு இதில் ஒரே ஒரு வேலை: கோபித்துக்கொண்டு எறிந்த அந்தக் கடிகாரத்தை மகள் என்றாவது ஒரு நாள் திரும்ப வந்து எடுப்பாள் என்ற நம்பிக்கை. எனக்கு அது போதுமான காரணமாகவே படுகிறது.

என் புகார், புழுத்துளையை வைத்த 'அவர்கள்' யார் என்பதற்குப் படம் தரும் பதிலில். 'அவர்கள்' எதிர்கால மனிதர்கள்தானாம். அப்படியானால் மனித இனம் பிழைத்துவிட்டது என்பது முன்பே முடிவான விஷயம். பிழைத்ததால் புழுத்துளை, புழுத்துளையால் பிழைத்தார்கள். இரண்டரை மணி நேரம் நகத்தைக் கடிக்க வைத்துவிட்டு, பயப்பட ஒன்றுமே இல்லை என்று கடைசியில் கையை விரிப்பது போலத்தான். இந்தக் காரண வட்டம் இயற்பியலில் சாத்தியமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம், நாடகத்தில் அது பலவீனம். திரைக்கதையை முதலில் எழுதிய, இயக்குநரின் தம்பி ஜொனாதன் நோலன், தன் பழைய வடிவத்தில் கூப்பர் தரவை அனுப்ப முயலும்போது புழுத்துளை இடிந்து மூடிவிடுவதாக வைத்திருந்தாராம். அந்தப் படத்தையும் பார்க்க எனக்கு ஆசை.

இன்னொன்று, பூமி. ஒரு பயிர்நோய் கோதுமையை அழித்துவிட்டது, வெண்டைக்காயை அழித்துவிட்டது, மக்காச்சோளம் மட்டும் மிச்சம். தொடக்கத்தில் தூசிப்புயல் பற்றிப் பேசும் முதியவர்களில் பலர் நடிகர்களே இல்லை. 1930களில் அமெரிக்கச் சமவெளியை நாசம் செய்த தூசிப்புயல்களை நேரில் கண்டவர்கள், கென் பர்ன்ஸின் ஆவணப்படத்திலிருந்து எடுத்துச் சேர்த்தவர்கள். அவ்வளவு உண்மையான ஒரு பேரழிவைக் காட்டிவிட்டு, அதைச் சரிசெய்ய யாராவது முயன்றார்களா என்று படம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காற்று புகாத உருளைகளைச் சனி கிரகத்துப் பக்கம் மிதக்கவிட்டு அதற்குள் வயல் வைக்கத் தெரிந்தவர்கள், அதே உருளையைத் தரையில் வைத்து உள்ளே பயிர் செய்திருக்கலாமே? ரேஞ்சர் ஓட்டையைவிட இது பெரிய ஓட்டை. இதற்கு ரசிகர்கள் தரும் பதில்களில் சிறந்தது "ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வருகிறது" என்பது. மூடிய உருளைக்கு அதுவும் பொருந்தாது.

இந்தப் பார்வைக் குறைவுக்குப் பலியான பாத்திரம் டாம். பூமியோடு நின்று, மண்ணைக் கட்டிக்கொண்டு அழுது, பிள்ளையைப் புதைத்தவன் அவன். படம் அவனை ஒரு முட்டுக்கட்டையாகத்தான் நடத்துகிறது. அவன் வயலுக்குத் தங்கையே தீ வைக்கிறாள், அதுவும் வெற்றிக்கான ஒரு படியாகக் கடந்துபோகிறது. கடைசியில் கூப்பர் விண்வெளி நிலையத்தில் கண் விழிக்கிறார், கிழவியாகிவிட்ட மர்ஃபைப் பார்க்கிறார், இரண்டு நிமிடம் பேசுகிறார், சுற்றி நிற்கும் பேரன் பேத்திகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிராண்டைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். வருடக்கணக்கில் விடாமல் செய்தி அனுப்பியவன் மகன்தான். அவன் என்ன ஆனான் என்று அப்பா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நோலனின் தீவிர ரசிகர்களிடமும் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன், "அதை வெட்டியிருப்பார்கள்" என்பதற்கு மேல் ஒரு பதில் வரவில்லை.